ஸ்டிக்கர் தெரியணும்

வெள்ளத்தில் ஊறிய மெத்தையின் வாசனை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கூடம். ஏர்கான் ஒழுகிக் கம்பளம் நனைந்து கிடக்கிறது. யாரோ ஒரு வாளி வைத்திருக்கிறார்கள். சொட்டுகிறது, சொட்டுகிறது. மேடையில் பயிற்சியாளர். காலணி வெள்ளை, பல் அதைவிட வெள்ளை. வாழ்க்கையில் ஒரு செய்திகூட எழுதாத மனிதர். செய்தியாளர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது அவர் தொழில்.

"ஒவ்வொருத்தரும் ஒரே வார்த்த! இந்த ஃபீல்டுல உங்கள பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கிறது எது?"

உண்மை என்றார் ஒருவர். சமூகம் என்றார் இன்னொருவர். பேஷன், பேஷன், தொழில்மேல் தீராத ஆசை என்று மிச்சப் பேர். வந்த அறிக்கையை அப்படியே ஒட்டி, தலைப்பில் மட்டும் 'அதிர்ச்சி' சேர்ப்பவர்களுக்கு அதுதான் பேஷன் போலிருக்கிறது. என் முறை வந்தது.

"அரிசி" என்றேன்.

"வாவ்! பசி! அறிவுப் பசி! கைதட்டுங்க லா எல்லாரும்!"

தட்டினார்கள். விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மனிதரின் பேச்சைவிட வாளியில் விழும் சொட்டுக்குப் பொருள் அதிகம். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசனை என்னைக் கிள்ளானுக்கு இழுத்துப் போனது.

சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளம் அது. கிள்ளான் ஆறு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர்கள் ஒரு பள்ளி மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். அதுவே என் கடைசி வேலை என்று முடிவு செய்துதான் நானும் அங்கே போயிருந்தேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை என்னை மக்கள் தொடர்புக்கு அழைத்திருந்தது. பொய்யைப் படம்பிடித்துச் சலித்தவன், அதை நானே சுடச்சுடத் தயாரிக்கலாமே என்று நினைத்திருந்தேன்.

காலையிலேயே தொண்டர்கள் ஆளுக்கொரு அரிசி மூட்டை கொடுத்து முடித்திருந்தார்கள். மதியம் ஒய்.பி.யின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், உதவியாளர் வந்தார். ஒய்.பி. வருகிறார், எல்லாரும் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள், அவர் தன் கையால் மறுபடி கொடுப்பார் என்றார்.

"அடகு வைக்கிறோமா பாஸ்? ரசீது உண்டா?" என்று ஒரு பாயிலிருந்து குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு மூட்டையிலும் ஒய்.பி.யின் முகம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டத் தொடங்கினார். மீசையும் சிரிப்புமாக, ஆள் தலை அளவுக்கு, அசல் முகத்தைவிட இரண்டு சுற்று சிவப்பாக.

தண்ணீர்ப் பீப்பாய் ஓரத்தில் ஒரு பெண் என்னை மறித்தார். ஐம்பது வயதிருக்கும். யாரோ கொடுத்த கஃப்தான் அங்கி, தோளில் தொளதொளவென்று.

"அண்ணே, பேப்பருதானே? என் மூஞ்சி மட்டும் வரக்கூடாதுண்ணே."

"ஏங்கக்கா?"

"ஸ்ரீ கெம்பாங்கான்லருந்து மகள பொண்ணு பாக்க வராங்க. வீட்டுக்குள்ள தண்ணி வரலன்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் கை நீட்டி நிக்கிறத பாத்தாங்கன்னா அவ்வளவுதான். போற எடத்துல எம்மகளுக்கு மரியாதை இருக்குமா?"

"அப்ப வரிசையில நிக்காதீங்க."

"நிக்காட்டி மூட்ட இல்லையாம். அந்த ஸ்டிக்கர் தம்பி சொல்லிருச்சு. வீட்டுல இருந்த அரிசியெல்லாம் தண்ணியில போச்சுண்ணே."

உதவியாளரிடம் போனேன். அந்த அம்மாவைப் படத்தில் சேர்க்க வேண்டாம், மூட்டையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"முகம் இல்லாம எமோஷன் எப்படி பாஸ் வரும்? கண்ணுல கொஞ்சம் தண்ணி இருந்தா இன்னும் சூப்பரா இருக்கும்."

"தண்ணிதான் வீடு பூரா நிக்குதே, பத்தலையா?"

அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்த ஆட்களோடு பேசுவதே நாக்குக்குப் பிடித்த கேடு. பேசாமல் போய்க் கைப்பேசியைத் தயார் செய்தேன். அந்த அக்காவின் முகம் விழுந்தால் படத்தையே அனுப்புவதில்லை, அலுவலகம் என்ன கத்தினாலும் சரி என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒய்.பி. வந்தார். புது ரப்பர் பூட்ஸ், அடியில் விலைச் சீட்டுகூட உரிக்காதது. பெண்களை மேடைக்கு முன் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த அக்கா நடுவில் சிக்கிக்கொண்டார். மூட்டைகள் கைமாறின. ஒய்.பி. நடுவே நின்று கும்பிட்டார். உதவியாளர் என் தோளுக்குப் பின்னாலிருந்து கத்தினார்:

"ஸ்டிக்கர் தெரியணும்! வயித்துக்கிட்ட பிடிக்காதீங்க ஆன்டி, மேல தூக்குங்க! இன்னும் மேல!"

அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னபடியே தூக்கினார். நெஞ்சுக்கு, கழுத்துக்கு, இன்னும் மேலே. முகம் மறைந்தது. பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார், அவரும் தூக்கினார். அதற்கடுத்தவர். அதற்கும் அடுத்தவர். அலை போல வரிசை முழுக்க ஏறியது.

படச் சட்டத்துக்குள் இருந்ததைச் சொல்கிறேன். நடுவில் ஒய்.பி. கும்பிட்டு நிற்கிறார். இரண்டு பக்கமும் ஒய்.பி., ஒய்.பி., ஒய்.பி. கைலி கட்டிய ஒய்.பி., சேலை கட்டிய ஒய்.பி., வளையல் போட்ட ஒய்.பி., கஃப்தானில் தொளதொளவென்று ஒரு ஒய்.பி.! அத்தனை பேருக்கும் ஒரே மீசை, ஒரே சிரிப்பு.

எடுத்தேன். "பெர்ஃபெக்ட்! எல்லா ஸ்டிக்கரும் கிளியர்!" என்று உதவியாளர் கட்டைவிரலைத் தூக்கினார்.

மறுநாள் படம் வந்தது. ஒய்.பி.யின் முகநூல் பக்கமே அதைப் பெருமையாகப் பகிர்ந்தது. உதவியாளர் எனக்கு நன்றிகூட அனுப்பினார். ஒரு மனிதருக்குத் தன் முகத்தின் மீது இத்தனை காதலா! தொழிற்சாலைக்கு நான் போகவில்லை. வருடக்கணக்காக எனக்குள் சும்மா புளித்துக் கிடந்த ஏளனத்துக்கு அந்த மண்டபத்தில்தான் முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது. இந்த ஒய்.பி. கூட்டம் தன் கூத்தைத் தானே எடுத்து நீட்டும்போது, அதைப் படம்பிடிக்க நான் எதிரே நின்றாக வேண்டும். அதற்கு வெள்ளைக் காலணிக்காரர் வைக்கும் பெயர் எதுவோ, எனக்கு அக்கறையில்லை.

படம் எடுத்த அன்று கிளம்பும்போது அந்த அக்கா வாசல்வரை வந்தார், மூட்டை இடுப்பில். படத்தைக் காட்டச் சொன்னார். கைப்பேசியைக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளித் தள்ளித் தேடினார். கஃப்தானில் வந்து நின்றார்.

"இதா நானு?"

"நீங்கதாங்கக்கா. அனுப்பவா?"

குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"மீச நமக்கு நல்லாத்தான் இருக்கு. தாராளமா போடுங்கண்ணே."