மூன்றாவது பெட்டியின் நிறை

டென்மார்க்கின் பிராண்டே நகரில் காற்றாலை உதிரிப்பாகக் கிடங்கில் எட்டு வருடம் பெட்டி அடுக்கியவன் கஜதீபன். மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதப் பழகி, இப்போது மாடி அலுவலகத்தில் கதிரை போட்டிருக்கிறான். கிரேன் தூக்கும் ஒவ்வொரு இரும்புத் தட்டிலும் எத்தனை கிலோ என்று காட்டும் வலைப்பக்கம் அவன் கைவேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அன்று காலை கோப்பியோடு திரையைப் பார்த்தவன் குவளையைக் கீழே வைத்தான். ஒரு தட்டில் மூன்று பெட்டிகள்: 1400, 1200, 1900 கிலோ. அடியில் மொத்தம் 4500 இல்லை, 2600.

காரணம் உடனே பிடிபட்டது. ஒவ்வொரு பெட்டியின் நிறையையும், உள்ளே இருக்கும் ஒரு பாகத்தின் நிறையை எண்ணிக்கையால் பெருக்கி, காட்டும்போதுதான் பக்கம் கணக்கிடுகிறது. மொத்தத்தை மட்டும் தரவுத்தளத்திடம் விட்டிருந்தான். அதுவோ தன்னிடம் பதிந்திருப்பதை மட்டுமே கூட்டும். இதுவரை எல்லாப் பெட்டிகளும் தராசில் நிறுத்துப் பதியப்பட்டவை. இந்தக் கிழமை வந்த 1900 கிலோப் புதுப் பெட்டிக்கு நிறை எதுவும் பதியவில்லை. அதைப் பூச்சியமென்று எடுத்துக்கொண்டு பேசாமல் கூட்டிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். அவனைப் பிரிவுத் தலைவராக்கப் போவதாக வேறு பேச்சு. அந்த நினைப்பு வந்ததும் உண்மைதான். ஆனால் சன்னலுக்குக் கீழே அதே தட்டுக்கு மூன்று தொன் மட்டுமே தாங்கும், கிரேனில் கொளுவித் தூக்கும் மஞ்சள் பட்டி மாட்டியாயிற்று. பக்கத்தில் கிரேனுக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றவர், முன்பு அவனோடு பெட்டி அடுக்கிய அந்தோனிதாசன். கிடங்கில் கைபேசிக்குத் தடை.

படிகளைத் தாண்டித் தாண்டி ஓடினான்.

"அண்ணை! நிப்பாட்டுங்கோ! தள்ளிப் போங்கோ!"

பதற்றத்தில் டேனிஷ் வாய்க்கு வரவில்லை. கிரேன்காரன் விளங்காமல் விழித்தான். தட்டு முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. அந்தோனிதாசன் பாய்ந்து விலகி இரண்டு கைகளையும் விரித்த பிறகுதான் அது இறங்கியது. பட்டியின் தையல் ஒரு சாண் பிரிந்திருந்தது.

மேலாளர் ஓடிவந்தார். "மொத்தம் பிழை. அதை எழுதினது நான்," என்று எல்லோர் முன்னாலும் டேனிஷில் சொன்னான் கஜதீபன்.

அந்தோனிதாசன் தையலைத் தடவிப் பார்த்தார். "முந்தி நான் கொப்பியிலை எழுதிக் கூட்டிப் பாத்துத்தான் பட்டி எடுக்கிறனான், தம்பி."

"பிறகேன் அண்ணை விட்டனீங்கள்?"

"எங்கட பெடியன் எழுதினதெல்லோ. அதைப் போய்த் திருப்பிக் கூட்டிப் பாக்கிறதோ எண்டு விட்டிட்டன்."

கஜதீபன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். மேலாளர் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை.