இன்னும் இரண்டு பேர்

மஞ்சக்குட்டை சர்ச்சில் பத்து மணிக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை. பாட்டு நடத்த வேண்டிய நான் ஒன்பதே முக்காலுக்கும் ஏற்காட்டில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறேன். சேலத்தில் என் சபைக்கு நான்கு வாரமாக நான் சொல்லி வந்தது ஒன்றுதான்: கர்த்தருக்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

"எப்பங்க எடுப்பீங்க?" ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன்.

"இன்னும் ரெண்டு பேரு வரோணுங்க," என்கிறார் டிரைவர்.

"நான் போகாம அங்க ஆராதனை தொடங்காதுங்க."

கேக் டப்பாவோடு பக்கத்தில் இருக்கும் அம்மா சிரிக்கிறார். "ஏனுங்க, இந்த ஜீப்புல இருக்கறவங்க எல்லாரும் அந்தச் சர்ச்சுக்குத்தானுங்க. நாங்க வராம யாருக்குப் பாடுவீங்க?"

கர்த்தருக்கு என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். அதற்குள் அந்த இரண்டு பேரும் டீயை முடித்துவிட்டு நிதானமாக வந்து ஏறுகிறார்கள். ஒருவர், என்னைப் பாட அழைத்த போதகர்.