ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

ஆலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரிக்கு இரண்டு கருக்கள் தங்கவில்லை. அப்போதெல்லாம் உறவினர் அவள் ராசியைத்தான் பரிசோதித்தார்கள்; ரத்தத்தைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவதில்தான் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். தைராய்டு குறைவு. தொடக்க மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்வதே தாயின் சுரப்பை நம்பித்தான் என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

"மாத்திரை சூடு, புள்ளைக்கு ஆகாது. நிறுத்திடு" என்றார் மாமியார்.

"போன ரெண்டு தடவையும் மாத்திரையே போடலையே அத்தை. அப்ப எது ஆகலை?"

மாமியார் அதன்பின் வெயிலின் சூட்டைப் பற்றி மட்டும் பேசினார்.

ஆனால் அடுத்த பரிசோதனையில் அளவு இன்னும் மோசம்.

"மாத்திரையை விட்டுட்டியாம்மா?"

"ஒரு நாள்கூட விடலை மேடம். காலைல வேலைக்கு வந்ததும் வெறும் வயித்துல போட்டுடறேன்."

"அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடறதில்லையே?"

"சாப்பிட எங்க நேரம்? ருசிதான் பார்ப்பேன். சூப்பு, காய், ஆலைக்கே போற பால் காபி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது சாப்பாடு இல்லையா?"

"அது வேலைங்க."

பாலும் காபியும் மருந்தை உடம்பில் சேரவிடாது என்று விளக்கி, மாத்திரையின் அளவையும் கூட்டி எழுதினார் டாக்டர். இரும்புச்சத்து மாத்திரையை இதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடச் சொன்னார்.

காலையில் முதல் ஒரு மணி நேரம் வேறு யாராவது ருசி பார்க்கட்டும் என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"பொம்பளைங்களை வேலைக்கு வச்சா இதான் தொல்லை" என்றார் அவர். தன் சர்க்கரை நோய்க்காகத் தினமும் தனித்தட்டு சமைக்கச் சொல்பவர் அவர். அது தொல்லைக் கணக்கில் வராது.

"சரிங்க சார்" என்று மறுநாள் எதையும் ருசி பார்க்காமல் சமைத்தாள். சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. காய்க்கு விழவே இல்லை. ஆலையே மேனேஜர் அறைக்கு வந்தது.

அதற்கு மறுநாள் விடியலில் மேனேஜரே கரண்டியோடு நின்றார். ஓர் அண்டாவில் மொண்டு வாயில் வைத்து யோசித்தார்.

"உப்பு கம்மி."

"அது காபி சார்."

அடுத்த பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாகியிருந்தது. ஸ்கேனில் பிள்ளை நன்றாக உதைத்துக்கொண்டிருந்தது.

"பிரசவம் வரைக்கும் இப்படியே போகணும்" என்றார் டாக்டர். "அப்பப்ப ரத்தம் பார்த்துக்கலாம்."

"அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க மேடம். ருசி பார்க்கற வேலை இந்த வாரத்தோட முடிஞ்சுதுன்னு மேனேஜர் நினைச்சிட்டிருக்காரு."