கடைசிக் கட்டிலின் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஞானமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். துக்கத்தால் அல்ல, உட்காருமிடத்தில் கட்டி. பதறி எழப் பார்த்து “ஐயோ!” என்று அலறினேன். செய்தி கொண்டுவந்த கங்காணி அதைத் துக்கமென்றே எடுத்துக்கொண்டார்.

“வாழைக்காய் நறுக்குறப்ப விரல்ல பட்டுச்சாம். வெளியூர் ஆஸ்பத்திரியில கடைசிக் கட்டில்ல போட்டாங்களாம். விரல் காயத்தோட போன மனுசன் சீழ்க் காய்ச்சல் கண்டு பொணமாத்தாங்க வந்தாரு.”

கடைசிக் கட்டிலா? ஞானமுத்துவையா?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்ட உங்களுக்கு அந்த அதிர்ச்சி புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், உடம்பில் இதே இடத்தில் இதே மாதிரிக் கட்டியோடு, தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெள்ளைத் துரைமாருக்குத் தனி அறை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர், புதுத் துணி. எங்கள் கூடத்துக்கோ ஒரே பேசின் தண்ணீர், ஒரே துணி. வாசற்புறம் என்னைப் போன்ற கணக்கப்பிள்ளைமார், அடுத்துக் கங்காணிமார், கோடியில் பின்கதவோரம் கூலிகள். அந்த வரிசையிலேயே புண் கழுவிப் போவார்கள். கோடிக்குப் போகும்போது தண்ணீர் தேயிலைச் சாயத்தண்ணி நிறமாகியிருக்கும். அட்டைக்கடியோடு வந்த கூலி பாடையில் போவான். கேட்டால், “கூலி ரத்தமே அப்படி” என்பார் டாக்டர். நானும் தலையாட்டினேன், குப்புறக் கிடந்தபடியே.

கடைசிக் கட்டிலில் கருப்பன். அட்டைக்கடி அழுகி, காலை எடுத்துவிட வேண்டும் என்றாகிவிட்டது. அவன் மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று புலம்புவாள்: “கால் போனா வேலைக்குப் பேர் போட மாட்டாங்களே, லயத்து வீட்ட விட்டு எறக்கிருவாங்களே சாமி!”

ஒரு மழைநாள் காலை ஞானமுத்து கோடியிலிருந்து ஆரம்பித்தார்.

“யோவ், வரிசை தெரியாதா?” என்று கத்தினேன்.

“கொஞ்சம் பொறுங்க கணக்கப்பிள்ளை ஐயா. குப்புறக் கிடக்குற ஒங்களுக்கு முன்னென்ன, பின்னென்ன?”

கூடமே சிரித்தது. ஆனால் மழை விடும்வரை அதே வரிசைதான். கருப்பனின் புண் வற்றிக் கால் தப்பியது. ஆறிக்கொண்டிருந்த என் கட்டியோ சீழ் பிடித்தது, காய்ச்சலில் பிதற்றினேன். ஞானமுத்து அதைப் பார்த்துவிட்டு, பேசினில் கலங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டார்: “ஒங்களுக்கும் கூலி ரத்தம் வந்துருச்சாங்கய்யா, இல்ல தண்ணிதானா?”

சிரிக்க முடியவில்லை. எத்தனை பேரைப் பாடையில் அனுப்பிவிட்டு ரத்தத்தைப் பழித்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து கட்டிலுக்குக் கட்டில் காய்ச்சிய புதுத் தண்ணீர். விறகு வீணாகிறது என்று டாக்டர் சீறினார். “விறகு காட்டுல கெடைக்குங்க. கால் எந்தக் கடையில கெடைக்கும்?” என்றார் இவர். அவர் கை வைத்த கூடத்தில் அது நடந்தது. அவரே படுத்த கூடத்தில் பழைய பேசின்தான் வந்திருக்கிறது.

அவர் எனக்கு விட்டுப்போனவை இரண்டு: யாருக்கும் காட்ட முடியாத ஒரு தழும்பு, என் புண்ணுக்கு இப்போது அடுப்பில் கொதிக்கும் தண்ணீர்.

இழவு வீட்டில் உட்கார முடியாமல் நின்றே துக்கம் கேட்டேன். “நியாயத்துக்காக வரிசையையே திருப்பிப் போட்ட மனுசன்” என்றேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இல்லைங்க. அன்னிக்கு மழையில ஊறி ஒங்க பக்கத்துக் கதவு தொறக்கலையாம், பின்கதவாலதான் வந்தேன்னாரு.”