டவுன்லோட்ஸில் மிஞ்சிய ஒரு படம்

ஒரு சாமான் அதன் இடத்தில் இல்லாவிட்டால் குன்சுலுவுக்குத் தலை வலிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வலிக்கும். அவள் சமையலறை அலமாரியில் தேநீர்க் கிண்ணங்கள் எல்லாம் ஒரே பக்கம் பூ தெரிய நிற்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் கிளார்க். எந்த வருஷத்துச் சான்றிதழைக் கேட்டாலும், கேட்டவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அந்த ஊர் ஆசிரியர்களில் பாதிப் பேர் பரீட்சைத் தாளையும் மச்சினி கல்யாண வீடியோவையும் 'டவுன்லோட்ஸ்' என்கிற ஒரே கிடங்கில் கொட்டிவிட்டு, காணோம் காணோம் என்று அவளிடம்தான் ஓடி வருவார்கள். படித்தவர்கள்தான், என்ன செய்ய.

அதனால்தான் மாமனார் ஒரஸ்பாயின் எழுபதாவது வயது விருந்துக்கு நாள் குறித்ததும், படம் சேர்க்கிற வேலை நேரே அவள் தலையில் வந்து விழுந்தது. குசிலோர்தா நகரத்தில் பெரிய மண்டபம், சுவர் அகலத்துக்குத் திரை. ஒவ்வொரு மகன் மகளும் குடும்பத்தோடு மேடையேறி வாழ்த்துச் சொல்லும்போது அந்தக் குடும்பத்துப் படங்கள் பின்னால் ஓட வேண்டும். ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கொண்டுவந்தால் போதும் என்றான் மண்டபத்துக்காரன்.

சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் படங்களை அள்ளி வீசினார்கள். ஆடு, குதிரை, புதுக் கார், பல் விழுந்த பேரன், யாருடைய கட்டைவிரலோ. மூத்த ஓரகத்தி ஷாரிபா படத்தோடு குரலையும் அனுப்பினாள்: "அடியே, என் இடுப்பு பெருசாத் தெரியற படத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடு. இல்லேன்னா மண்டபத்துல உன்கூடப் பேசவே மாட்டேன், சொல்லிட்டேன்!" இடுப்பு பெரிதாகத் தெரியாத படம் ஒன்றுகூட இல்லை என்பதை குன்சுலு அவளிடம் சொல்லவில்லை.

ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதில் ஒரு சிக்கல் வந்தது. கணவன் வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். எழுதலாமா கூடாதா என்று முன்னோர்கள் யாரும் சொல்லிவைக்கவில்லை, அவர்கள் காலத்தில் ஃபோல்டர் கிடையாது. எதற்கு வம்பு என்று குன்சுலு வாயில் வழங்கும் பெயர்களையே அடித்துவைத்தாள். பெரிய மைத்துனர் 'மந்திரி அண்ணன்'. அடுத்தவர் 'அவசர அண்ணன்'. நாத்தனார் 'வெள்ளைச் செல்லம்'. அவளும் கணவனும் இரண்டு மகள்களும் 'இளைய வீட்டார்'. கடைசியில் ஐதோஸுக்கு 'கடைக்குட்டி'.

ஐதோஸ் அவள் பெற்ற பிள்ளை. தலைச்சன் குழந்தையைத் தாத்தா பாட்டி தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் மாமியார் ஜமால் வந்து தொட்டிலோடு தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, நடுவில் ஒரு சுவர். அதிலிருந்து அவனுக்கு ஜமால்தான் அம்மா, ஒரஸ்பாய்தான் அப்பா, குன்சுலு அண்ணி. மீசை முளைத்த பிறகும் அப்படித்தான். யாரும் மறைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அவன் சட்டையை அவள்தான் துவைப்பாள். பெயர் சொல்ல மாட்டாள்.

பள்ளிவிட்டு வந்ததும் தினம் கொஞ்சமாகப் படங்களை இழுத்து இழுத்து அந்தந்த ஃபோல்டரில் போட்டாள். கிடங்கு குறையக் குறைய அவளுக்கு உடம்பே லேசானது. வேலை முடியப்போகிற நேரத்தில் அவளுடைய அக்கா, பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தேன் என்று ஒரு படம் அனுப்பினாள்.

பிரசவ ஆஸ்பத்திரி வாசல். பனி. தலைத்துணி பின்னால் சரிந்து கிடக்க, கையில் துணிப் பொட்டலமாக ஒரு குழந்தை, வாயை அகலத் திறந்து சிரிக்கிற ஒரு சின்னப் பெண். அது தான்தான் என்று தெரிய குன்சுலுவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளும் அவனும் சேர்ந்திருக்கிற படம் வேறு கிடையாது. மற்றதெல்லாம் ஜமால் மடியில், ஒரஸ்பாய் குதிரையில், பள்ளிக்கூட வாசலில் இருவருக்கும் நடுவில்.

அந்தப் படத்தை எதில் போடுவது? 'கடைக்குட்டி'யில் போட்டால் அது அவர்களுடையதாகிவிடும். 'இளைய வீட்டார்' பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்; விடாமல் திரும்பிக் கொண்டுவந்தாள். மண்டபத்தில் அவள் மேடையேறும்போது அது ஒரு முறை பின்னால் வந்து போனால் போதும். ஒரே ஒரு முறை. ஆனால் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? எதையும் அதனதன் இடத்தில் வைக்கத் தெரிந்தவள், அந்த ஒன்றை வைக்க இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

விருந்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜமால் தேநீரை ஏந்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் போல ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிட்டது.

"என்ன மருமவளே, இன்னும் முடியலையா? ஒரு ஆட்டையே உரிச்சுடலாம் இந்நேரத்துக்கு."

"முடிஞ்சுது அத்தை. ஒண்ணே ஒண்ணு பாக்கி."

ஜமால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். திரையில் அந்தத் துணிப் பொட்டலத்தை விரலால் தொட்டாள். பிறகு, "அடியாத்தி, எம்மாம் பெரிய வாய் உனக்கு! பல்லு அத்தனையும் எண்ணிடலாம் போலிருக்கே. யாரு அனுப்புனது?"

"எங்க அக்கா."

"கடைக்குட்டி பொட்டியில போடு. மொத படமா வை."

குன்சுலுவின் கை மவுஸ் மேலேயே நின்றது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதிர்த்துப் பேசியதில்லை. "அத்தை... இது மட்டும் எங்க பொட்டியில இருக்கட்டுமே" என்றாள்.

"உங்க பொட்டியில எதுக்கு? அதுல உன் பொண்ணுங்க இருக்காங்க. அவன் படம் அவன் பொட்டியில. போடுடி."

போட்டாள். முதல் படமாக வரும்படி பெயரையும் மாற்றினாள். டவுன்லோட்ஸ் துடைத்த மாதிரி காலியானது, தலைவலி மட்டும் போகவில்லை. அன்றைக்கு அவள் தேநீருக்கு வெந்நீர் போடுகிற சமோவாரை வைத்த சத்தம் தோட்டத்தில் இருந்த ஒரஸ்பாய்க்குக் கேட்டது. பெற்ற வயிறு எரிந்தது, வேறென்ன. பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டாய், ஒரு படத்தையும் விட மாட்டாயா கிழவி என்று மனசுக்குள் ஏசினாள். வாய்விட்டு ஏசியிருந்தால் நான் அவள் பக்கம்தான்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. திரைக்காரன் பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர்கள் அத்தனையும் பெயரோடு சுவரில் ஏறி நின்றுவிட்டன. 'மந்திரி அண்ணன்', 'அவசர அண்ணன்' என்று கூட்டம் சத்தமாகப் படித்துச் சிரிக்க, அவசர அண்ணன் எழுந்து வந்து, "நான் என்னம்மா அவசரப்பட்டேன்?" என்று, தன் முறை வருவதற்கு முன்பே மேடையில் நின்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இளைய வீட்டாரும் தங்கள் முறைக்கு ஏறி வாழ்த்திவிட்டு இறங்கினார்கள். பின்னால் என்ன படம் ஓடியது என்று குன்சுலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கிழவனையும் கிழவியையும் மேடை நாற்காலியில் உட்காரவைத்து, கடைக்குட்டியைக் கூப்பிட்டார்கள். ஐதோஸ் புது கோட்டில் போய் நடுவில் நின்றான். திரை வெளுத்தது. பனி, ஆஸ்பத்திரி வாசல், அந்தப் பெரிய வாய்.

விழா நடத்துகிறவன் 'பாசமிகு தாயின் மடியில்' என்று ஆரம்பித்து, மடி வேறு யாருடையதோ என்று தெரிந்ததும் இருமினான். ஜமால் எழுந்து அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"என்னடா இருமுற? நல்லாப் பாருங்க எல்லாரும். இவனை எனக்கு யாரு குடுத்தான்னு இத்தனை வருஷமா நான் வாயே திறக்கல. திறந்தா திருப்பிக் கேட்டுடுவாளோன்னு பயம். ஆமா, எனக்குத்தான், பயம்! நான் இவனை மாரோட அணைச்சுத் தூங்கின ராத்திரியெல்லாம் அவ சுவத்துக்கு அந்தப் பக்கம் முழிச்சுக் கெடந்தா. எனக்குத் தெரியாதா? ஒரு நாளும் கேக்கல. மருமவளே! எங்க போய் ஒளிஞ்ச? மேல வா."

குன்சுலு எழுந்தாள். ஷாரிபா பின்னாலிருந்து தள்ளாவிட்டால் நடந்திருப்பாளா தெரியாது. ஜமால் தன் நாற்காலியைக் காலால் நகர்த்தி இடம் பண்ணினாள்.

"இப்பிடி நில்லு, அவன் பக்கத்துல. இப்பக் கேட்டாலும் தர மாட்டேன், ஆமா!"

கூட்டம் அதிர்ந்து சிரித்தது. குன்சுலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வச்சுக்குங்க அத்தை. துணி துவைக்கிறது எப்பவும் நான்தானே" என்றாள். ஒரஸ்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஐதோஸ் மட்டும் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை. அண்ணாந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"அண்ணி, நீங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றான்.