கடற்பறவையிடம் சொல்லாமல்

சமையலறை மேசை, சீனிப் பேணியில் சாய்த்து வைத்த டேப்லெட், அதன் முன்னால் ஆறிப்போன தேநீர். டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் இருக்கும் என் சின்னம்மாவை நினைத்தால் இன்னும் அந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. தோள் நோவால் முதியோர் இல்ல வேலையை விட்டு, சித்தப்பாவும் காலமான பிறகு, அவர் இணையத்தில் பணம் கட்டிப் பிங்கோ என்ற எண் சூதாட்டம் விளையாடத் தொடங்கியிருந்தார். எண்கள் ஓடும் திரையின் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் எழுதிக் கதைப்பதற்கு ஒரு சிறிய பெட்டி இருந்தது. சின்னம்மாவைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் பெட்டிதான் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. கோபன்ஹேகனில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்து, டேனிஷில் இரண்டு வார்த்தை நலம் விசாரிப்பாள். அந்தப் பெட்டியிலோ ‘கடற்பறவை’ என்ற பெயரில் ஒரு டேனிஷ் பெண் தினமும் காலை வணக்கம் சொன்னாள். தோள் நோவு எப்படி என்று கேட்டாள். படுக்கையில் கிடக்கும் தன் கணவனைப் பற்றி எழுதினாள். அவளது உண்மைப் பெயரோ ஊரோ சின்னம்மாவுக்குத் தெரியாது.

பிங்கோவில் விட்ட காசுக்குச் சித்தப்பாவின் காரும் கைவிட்டுப் போன பிறகு ஒருநாள் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார்.

“அரசாங்கப் பதிவில பேர் குடுத்தா ஒரு பிங்கோவும் எங்களை உள்ளுக்கு விடாதாம். நானே பதியிறன். நீ பக்கத்தில இருந்தாக் காணும்.”

“ஒரு மாசத்துக்கும் போடலாம், சின்னம்மா.”

“அந்த மாசம் முடியுமட்டும் நாள் எண்ணிக்கொண்டிருப்பன். ஒரேயடியாப் போடுவம்.”

கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் விரல் நின்றது. “கடற்பறவைக்கு ஒரு சொல் சொல்லிப்போட்டு வரட்டோ?” என்றார். நான் பதில் சொல்லுமுன் தானே தலையாட்டிக்கொண்டார். “வேண்டாம். போன கிழமையும் சொல்லத்தான் போனனான். பின்னேரம் வரைக்கும் இருந்து விளையாடினன்.” அழுத்திவிட்டு, டேப்லெட்டை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

ஒரேயடியாகப் பதிந்தாலும், ஒரு வருடம் கழிந்தால் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த வருடம் போன மாதம் முடிந்தது. பயத்தோடுதான் நான் இருக்கும் ஹேர்னிங்கிலிருந்து காரில் போனேன். கடற்கரையில் எதிர்க்காற்றில் நடந்தோம்.

“நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பாவோ?”

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. “பேரை எடுக்கப்போறியளோ?” என்றேன்.

“இல்லை” என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, “அவவின்ரை மனுசன் இருக்கிறாரோ தெரியாது” என்றார்.

புறப்படும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்குக் காலமை ஒருக்கா போன் எடு. கதைக்க ஒண்டும் இல்லாட்டியும் பரவாயில்லை.”