அம்மா நடித்த ஒரே படம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு படம் இயக்கியிருக்கிறேன். நீளம் ஐந்து நிமிடம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. மண்டைக்கனம் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உரியது.

மலாக்கா டவுனில் ஓர் இளைஞர் மன்றம் மாணவர்களுக்குக் குறும்படப் போட்டி வைத்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தலைப்பைச் சொன்னார்கள்: ‘காத்திருப்பு’. மறுநாள் ஐந்து மணிக்குள் டேப்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

காத்திருப்பு எனக்குத் தண்ணி பட்ட பாடு. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை எங்கள் ஊரான புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்குவார். அந்த வருஷம் தீபாவளிக்குக்கூட வரவில்லை. ஓவர்டைம் என்றாள் அம்மா. என் படத்தைத் திரையிட்டால் கண்டிப்பாக வருவதாக அப்பா போனில் சொல்லியிருந்தார். பரிசு கிடக்கட்டும், அப்பா வந்தால் போதும் எனக்கு.

பஸ்ஸில் திரும்பும்போதே கதை தயார். ஒருத்தி ஸ்டேஷனில் கணவனுக்காக நிற்கிறாள். ரயில் வருகிறது, அவன் வரவில்லை. அவன் இறந்துவிட்ட செய்திதான் வருகிறது. அவள் நெற்றிப் பொட்டை எடுக்கிறாள். முடிந்தது படம். கல்யாண வீடியோ எடுக்கும் மாமா கேமராவை இரவல் கொடுத்தார். வெட்டி ஒட்ட வழி கிடையாது, வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

ஞாயிறு காலை, உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு கூட்டாளிகளில் ஒருத்தி கல்யாணத்துக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியை அவள் அப்பா அனுப்பவில்லை. நடிக்க ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை மட்டும் பவுடர் பூசி, பட்டுப்புடவையில் ஸ்டேஷனுக்கு வந்தார். கடைசிக் காட்சியைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“எம் புருசன் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்காரு. பொட்ட எடுக்கச் சொல்றியே, நல்லாவா இருக்கு? முடியாதுலா.”

அத்தை போய்விட்டார். காலி பிளாட்பாரத்தில் கேமராப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னோடு யாருமே இல்லை என்று அழுகை முட்டியது. பிறகு தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு ஓடினேன். அம்மா பேக்டரி யூனிபார்மைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். பொட்டு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“எத்தன மணிக்குக் குடுக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ரயில் வந்தது. இறங்கியவர்களை அம்மா ஒவ்வொருவராகப் பார்த்தாள். அழச் சொல்லியிருந்தேன், அழவில்லை. எனக்குக் கோபமான கோபம். செய்தி கொண்டுவரும் ஆளும் இல்லாததால், அந்த வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் இருந்து நானே சொன்னேன்.

“அவரு இனிமே வரமாட்டாரு.”

அம்மா நேராக என்னைப் பார்த்தாள். ஸ்டிக்கர் பொட்டை மெதுவாக உரித்து எடுத்தாள். ஒரே டேக்.

கட் சொன்ன பிறகும் அவள் அசையவில்லை. பொட்டு அவள் விரல் நுனியிலேயே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நானே அதை வாங்கி அவசரமாக அவள் நெற்றியில் ஒட்டிவிட்டேன். கோணலாகப் போய்விட்டது.

படத்துக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அம்மாவின் நடிப்பு வெகு இயல்பு என்று நடுவர் புகழ்ந்தார். திரையிட்ட அன்று அப்பாவுக்காக நான் பை வைத்துப் பிடித்திருந்த நாற்காலியில் கடைசிவரை பைதான் இருந்தது.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேறொரு குடும்பம் இருந்ததும், படப்பிடிப்புக்கு முந்தைய மாதமே அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டதும், பதினெட்டு வயதில்தான் என் காதுக்கு வந்தது. படம் எடுத்த அன்றோ, டேப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மலாக்கா வரைக்கும் அம்மா அந்தப் பொட்டை நேராக்கவே இல்லை. இவ்வளவு நன்றாக நடிக்கிறவளுக்கு ஒரு பொட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது எனக்கு.